தலையைத் தூக்காதே தம்பி

எங்க ஏரியாவுல யாரைக் கேட்டாலும் "நீச்சலா? தெரியுமே"ன்னுதான் பதில் வரும். பட்டினப்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி நேரா நடந்தா கடல். வலது பக்கம் திரும்பிப் போய்க்கிட்டே இருந்தா சீனிவாசபுரம், அதையும் தாண்டினா அடையாறு முகத்துவாரம். இவ்வளவு தண்ணியை வச்சுக்கிட்டு தெரியாதுன்னு சொல்ல ஒரு மாதிரி இருக்கும் இல்லையா?

ஆனா அந்த "தெரியும்"ல பல ரகம் உண்டு. எங்க தாத்தா ரகம்: ஊர்க் கிணத்துல இடுப்புல சுரைக்குடுக்கை கட்டிவிட்டுக் கத்துக்கொடுத்தது. குப்பத்துப் பசங்க ரகம்: நடக்கிறதுக்கும் நீந்துறதுக்கும் நடுவுல பெரிய இடைவெளியே இல்லாம வந்தது. மூணாவது ரகம், 15 நாள் சம்மர் கேம்ப்ல கத்துக்கிட்டு, அடுத்த 8 வருஷம் "தெரியும்"னு சொல்லிக்கிட்டுத் திரியறது. அடியேன் மூணாவது ரகம். 25 மீட்டர் குளத்துல இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்குப் போயிடுவேன். போய்ச் சேர்ந்ததும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷம் நாய் மாதிரி மூச்சு வாங்குவேன். கிரிக்கெட்ல நாள் முழுக்க ஃபீல்டிங் பண்றவனுக்கு 25 மீட்டர்ல நாக்கு தள்ளுதுன்னா அது ஸ்டாமினா பிரச்சனை இல்லைன்னு மட்டும் புரிஞ்சுது.

போன வருஷம் பி.காம் ரெண்டாவது வருஷப் பரீட்சை முடிஞ்ச கையோட காலை பேட்ச்சுல சேர்ந்தேன். தனியா இல்லை. கூட ஒருத்தன் வந்தான். அவனும் நானும் ஆறாவதுலேர்ந்து ஒண்ணாப் படிச்சவங்க. பேரு வேண்டாம், மச்சான்னே வச்சுக்குவோம். அவன் வீடு சீனிவாசபுரம், அப்பாவுக்குச் சொந்தமா ஃபைபர் போட்டு. அவன் வந்ததுக்குக் காரணம் என்னை மாதிரி ஆசை இல்லை, வேலை. ஒரு லைஃப்கார்ட் வேலைக்கு ஆள் எடுக்கறாங்க, 200 மீட்டரை 4 நிமிஷத்துக்குள்ள நீந்திக் காட்டணும், அதுவும் குளத்துல. கடலுக்குத்தான் ஆள் வேணும், பரீட்சை மட்டும் குளத்துல. அவங்க அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ஆறு மாசமா கடலுக்குப் போகல. மாசச் சம்பளம்னு ஒண்ணு வீட்டுக்குள்ள வந்தாகணும். அதனால அவனுக்கு இது விளையாட்டு இல்லை.

மாஸ்டர் (கோச்னு கூப்பிட்டா அவருக்குப் பிடிக்காது) முதல் நாளே ரெண்டு பேரையும் 200 மீட்டர் நீந்தச் சொல்லி ஸ்டாப் வாட்ச்சை அமுக்கினார். மச்சான் முதல் 25 மீட்டரை 19 விநாடியில முடிச்சான். குளத்துல இருந்த மொத்த பேரும் திரும்பிப் பார்த்தாங்க. தலை முழுக்க வெளியில, ரெண்டு கையும் காத்தாடி மாதிரி, தண்ணி ரெண்டு பக்கமும் தெறிக்குது. அடுத்த 25 கொஞ்சம் மெதுவா. அதுக்கடுத்தது இன்னும் மெதுவா. கடைசி 25 மட்டும் 50 விநாடி. மொத்தம் 4 நிமிஷம் 52. அவன் வெளியில ஏறி உட்கார்ந்து சொன்ன முதல் வார்த்தை: "இந்தத் தண்ணியில காலு கனமா இருக்குடா."

எல்லாரும் சிரிச்சாங்க. அவன் சொன்னது நிஜம். கடல் தண்ணி நல்ல தண்ணியை விட சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி அதிகம். உப்பு காலைத் தாங்கிப் பிடிக்கும். அதோட கடல்ல தலையைத் தூக்கித்தான் நீந்தணும். வர்ற அலையைப் பார்க்கணும், போட்டு எங்க இருக்குன்னு பார்க்கணும், கரை எந்தப் பக்கம்னு பார்க்கணும். ஆக அவன் நீச்சல் அந்த இடத்துக்குச் சரியான நீச்சல். குளத்துல அலையும் இல்லை, போட்டும் இல்லை, உப்பும் இல்லை. அங்க அதே நீச்சல் ஆளைத் தின்னுடுது.

என் கதை? 200-க்குப் பதிலா 50-லேயே கம்பியைப் பிடிச்சாச்சு. மேல சொல்ல ஒண்ணும் இல்லை :-)

தலைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்னு மாஸ்டர் ஒரு ஸ்கேலை வச்சு விளக்கினார். நம்ம உடம்புல மிதவை எதுன்னா நெஞ்சு, ஏன்னா நுரையீரல்ல காத்து இருக்கு. கனமான பகுதி கால். தராசு மாதிரி. தலை மட்டும் 4, 5 கிலோ இருக்கும். அதைத் தண்ணிக்கு மேல தூக்கினா அந்தக் கனத்தைத் தாங்க உடம்பு கீழே போகும், இடுப்பும் காலும் தொங்கும். தொங்கின காலோட நீந்தறது, கதவைக் குறுக்கால வச்சுத் தள்ளிக்கிட்டுப் போற மாதிரி. தண்ணி காத்தை விட கிட்டத்தட்ட 800 மடங்கு அடர்த்தி. வேகத்தை ரெட்டிப்பு ஆக்கினா தண்ணி எதிர்க்கிற விசை சுமார் நாலு மடங்கு ஆகும். அதனால கைகாலை இன்னும் வேகமா அடிச்சு ஜெயிக்க முடியாது. குறுக்கே நிக்கிற கதவை மடக்கினாத்தான் ஆச்சு.

ஒரு கணக்கு பாருங்க. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல்ல சீனாவோட பான் ஷான்லே 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல 46.40 விநாடியில உலக சாதனை பண்ணினார். அது மணிக்கு 7.8 கிலோமீட்டர் கூட வரல. பீச் ரோட்டுல காலையில தொப்பையைக் குறைக்க ஓடற மாமாக்கள் வேகம்தான். 100 மீட்டர் ஓட்டத்துல போல்ட்டோட 9.58 விநாடி மணிக்கு 37 கிலோமீட்டருக்கு மேல. ஓட்டத்துல பலம் இருக்கறவன் ஓடிடலாம். தண்ணியில பலத்தோட பெரும் பகுதியைத் தண்ணியே வாங்கிக்குது.

இன்னொரு விஷயம், ஃப்ரீஸ்டைல்னு ஒரு நீச்சலே கிடையாது தெரியுமா? விதிப்படி ஃப்ரீஸ்டைல் போட்டியில யாரும் எப்படி வேணும்னாலும் நீந்தலாம். ஸ்டார்ட்டுக்கும் டர்னுக்கும் அப்புறம் 15 மீட்டருக்கு மேல தண்ணிக்கு அடியிலேயே போகக்கூடாது, அந்த மாதிரி சில கட்டுப்பாடு உண்டு, அவ்வளவுதான். நாய் நீச்சல் அடிச்சாலும் செல்லும். கை மாத்திப் போடறதுதான் எல்லாத்தையும் விட வேகம்ங்கறதால எல்லாரும் அதையே அடிக்கிறாங்க.

மச்சானுக்கு ஆறுதலா நான் ஒரு தகவல் தேடிப் பிடிச்சேன். 1922-ல 100 மீட்டரை முதல் முதலா ஒரு நிமிஷத்துக்குள்ள நீந்தினவர் ஜானி வெய்ஸ்முல்லர், 58.6 விநாடி. பின்னாடி சினிமாவுல டார்ஜானா நடிச்சாரே, அவரேதான். அவர் தலையை உசத்தி வச்சுத்தான் நீந்துவார். இன்னைக்கும் தலையைத் தூக்கி நீந்தற பயிற்சிக்கு டார்ஜான் ட்ரில்னே பேரு. இதைச் சொன்னதும் மச்சானுக்கு ஒரே சந்தோஷம். மாஸ்டர்கிட்டயே போய்ச் சொன்னான். அவர் அசரவே இல்லை. "அவரு அஞ்சு ஒலிம்பிக் தங்கம் வாங்கினவரு. நீயும் வாங்கிட்டு வா, அப்புறம் தலையைத் தூக்கு. இப்போ தரையில போற கறுப்புக் கோட்டைப் பாரு."

அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்க்கறதுலேயே எனக்கு மூணு வாரம் போச்சு. முகம் தண்ணிக்குள்ள இருக்கறது கஷ்டம் இல்லை, மூச்சுதான் கஷ்டம். எனக்குச் சம்மர் கேம்ப்ல சொல்லிக்கொடுத்தது "மூச்சை அடக்கு, தலையைத் திருப்பு, மூச்சு விடு". ஒரு ஒழுங்குல யோசிச்சா நல்லாத்தான் இருக்கு. ஆனா தலை வெளியில இருக்கற அரை விநாடிக்குள்ள பழைய காத்தை வெளியேத்தி, புதுக் காத்தையும் உள்ள இழுக்கணும். ரெண்டும் பாதி பாதிதான் நடக்கும். நாலு தடவை கை போட்டதும் நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஆகும். அது ஆக்சிஜன் தீர்ந்து வர்ற தவிப்பு இல்லையாம். உள்ளயே தங்கின கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற மூளை "மூச்சு விடுடா"ன்னு கத்துது. வரவுல குறைச்சல் இல்லை, செலவைத்தான் எழுதல! காமர்ஸ் பையனுக்கு இப்படிச் சொன்னாத்தான் ஏறும்.

மாஸ்டர் கொடுத்த மருந்து ரொம்ப சாதாரணம். நீந்தவே வேண்டாம். கரையோரமா நின்னு, முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சு, "ம்ம்ம்"னு முனகிக்கிட்டே மூக்கு வழியா குமிழி விடணும். முகத்தைத் திருப்பி "ஹா"ன்னு ஒரு வாய் காத்து. மறுபடி "ம்ம்ம்". ஒரு நாளைக்கு 100 தடவை. பக்கத்துல எட்டு வயசு வாண்டுகளும் அதையேதான் பண்ணுதுங்க. அதுங்க நடுவுல மீசை வச்ச ஒருத்தன் "ம்ம்ம்". ஒரு பாட்டி தினமும் பேரனைக் கூட்டிக்கிட்டு வருவாங்க, "பாரு, அண்ணா எவ்ளோ சமத்தா பண்றாங்க"ன்னு என்னைக் காட்டிச் சொல்வாங்க.

பத்து நாள் கழிச்சு நீந்தும்போது ஒண்ணு கவனிச்சேன். தலை முன்னாடி தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுப் போகும்போது நெத்திக்கு முன்னாடி தண்ணி மேடாகுது, கன்னத்துப் பக்கம் சின்னதா ஒரு பள்ளம் விழுது. வாயை அந்தப் பள்ளத்துல வச்சாலே போதும், வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு கண் தண்ணிக்குள்ள, ஒரு கண் வெளியில. இது புத்தகத்துல படிச்சா நம்ப முடியாது. வாய் தண்ணி மட்டத்துக்குக் கீழே இருக்கும், ஆனா காத்துதான் வரும்.

இங்க ஒரு எச்சரிக்கை. குளத்துல பசங்க முங்கு நீச்சல் போட்டி வச்சுக்கிட்டு, முன்னாடி பத்துப் பதினஞ்சு தடவை வேகமா மூச்சு இழுத்து விடுவாங்க. அப்படிப் பண்ணினா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ரொம்ப இறங்கிடும், மூளை கத்தறதுக்கு முன்னாடியே ஆக்சிஜன் தீர்ந்து தண்ணிக்குள்ள மயக்கம் போட்டுடுவாங்க. நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களுக்குத்தான் இது அதிகம் நடக்குது. தயவு செஞ்சு பண்ணாதீங்க.

அடுத்தது கை. எல்லாரும் உள்ளங்கையாலதான் தண்ணியைத் தள்றதா நினைக்கிறோம். மாஸ்டர் ரெண்டு கையையும் முஷ்டி பிடிக்கச் சொல்லி 50 மீட்டர் நீந்தச் சொன்னார். முதல்ல இருந்த இடத்துலேயே இருக்கற மாதிரி இருந்துச்சு. பத்து ரவுண்டு போன அப்புறம் முழங்கை தானா மேல நின்னு, முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் உள்ள பகுதி தண்ணியைப் பிடிக்க ஆரம்பிச்சுது. அப்புறம் முஷ்டியைத் திறந்தா கையில துடுப்பு மாட்டின மாதிரி! இதைச் சொல்லாமலே செஞ்சவன் மச்சான். சின்ன வயசுலேர்ந்து துடுப்பு போட்டவனுக்குத் தண்ணியை எப்படிப் பிடிக்கணும்னு கையே சொல்லுது. அவனைப் பார்த்துத்தான் நான் கத்துக்கிட்டேன்.

கால் பத்திச் சொல்ல அதிகம் இல்லை. முட்டியை மடக்காம இடுப்புலேர்ந்து அடிக்கணும், பாதம் தளர்வா இருக்கணும். வேகப் போட்டிக்கு ஒரு சுத்துக்கு ஆறு உதை, தூரம் போக ரெண்டு உதை போதும்.

இப்போ என் பாடம் உதவின இடத்துக்கு வர்றேன். 25 மீட்டர் போக எத்தனை கை, எத்தனை விநாடி, ரெண்டையும் கூட்டினா ஒரு எண் வரும். கோல்ஃப் ஸ்கோர் மாதிரி, குறையக் குறைய நல்லது. முதல் வாரம் எனக்கு 31 கை, 38 விநாடி. மொத்தம் 69. ஸ்டாண்டர்ட் காஸ்டிங்ல வேரியன்ஸ் எழுதற மாதிரி ஒரு நீள நோட்டுல தினமும் குறிச்சேன். கை எண்ணிக்கை குறைஞ்சு நேரம் கூடினா சறுக்கிக்கிட்டுச் சும்மா கிடக்கறேன்னு அர்த்தம். நேரம் குறைஞ்சு கை கூடினா சும்மா அடிச்சுத் தள்றேன்னு அர்த்தம். ரெண்டும் சேர்ந்து குறைஞ்சாத்தான் உண்மையான லாபம். அஞ்சாவது மாசம் 19 கை, 27 விநாடி. மொத்தம் 46. நடுவுல ஆறு வாரம் 55-லேயே நின்னுச்சு, அந்த ஆறு வாரம் நோட்டைத் திறக்கவே பிடிக்கல. கராத்தே கிளாஸுக்கு மாறிடலாமான்னு கூட யோசிச்சேன்.

மச்சான் நோட்டுல இன்னும் சுவாரஸ்யம். அவனோட முதல் 25 மெதுவாகிக்கிட்டே வந்துச்சு, மொத்த நேரம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அவனுக்கு இது தாங்கல. "19-ல போனவன் இப்போ 26-ல போறேன், இதுக்குக் காசு கட்டணுமா?"ன்னு ஒரு நாள் சண்டையே போட்டான். மாஸ்டர் பதில் சொல்லல, கடைசி 25-ஓட நேரத்தை மட்டும் எழுதிக் காட்டினார். 50-லேர்ந்து 31.

ஆழிக்குமரன் ஆனந்தனைப் பத்தி அவன்தான் எனக்குச் சொன்னான், அவங்க தாத்தா சொல்லக் கேட்டதாம். வல்வெட்டித்துறைக்காரர். 1971-ல பாக் நீரிணையை இங்கேர்ந்து அங்கேயும் அங்கேர்ந்து இங்கேயுமா நிக்காம 51 மணி நேரத்துல நீந்தினவர். ரெண்டு பகல், ரெண்டு ராத்திரி! 1984-ல இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கற முயற்சியில உயிரை விட்டார். அதே இங்கிலீஷ் கால்வாயை 1994-ல நம்ம குற்றாலீஸ்வரன் தாண்டினப்போ அவருக்கு 13 வயசு கூட நிரம்பல. அந்த ஒரே வருஷத்துல ஆறு கடல் நீச்சல். 1966-ல மிஹிர் சென் அஞ்சு நீந்தி வச்சிருந்த சாதனையை உடைச்சார். 2022-ல ஜியா ராய்னு ஆட்டிசம் உள்ள 13 வயசுப் பொண்ணு தலைமன்னார்லேர்ந்து தனுஷ்கோடி பக்கம் அரிச்சல்முனை வரை 13 மணி நேரம் நீந்தினாங்க. இவங்க யாரும் பலத்தை மட்டும் நம்பி அவ்வளவு நேரம் தண்ணியில இருந்திருக்க முடியாது. ஒரு கை போட ஆகற செலவு துளி கூடினாலும் ஆயிரக்கணக்கான கைக்கு அது பெருகிடும்.

குளம்னாலும் பக்கத்துல சாஞ்சுக்க ஒரு பெரிய பேரு வேணும்னா சஜன் பிரகாஷ். நெய்வேலியில வளர்ந்தவர். கழுத்து வலியில கையே மரத்துப் போற நிலைமைக்கு வந்துட்டு, 2021 ஜூன்ல ரோம்ல 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில 1:56.38 நீந்தி, ஒலிம்பிக் 'ஏ' தகுதி நேரத்தை எட்டின முதல் இந்தியர் ஆனார்.

கடலுக்கு 300 மீட்டர்ல குடியிருந்துக்கிட்டு நான் ஏன் பஸ் பிடிச்சுக் குளத்துக்குப் போறேன்னு காலேஜ்ல கிண்டல் பண்ணுவாங்க. காரணம் அம்மா. 2004 டிசம்பர் 26 காலையில நான் ஒண்ணரை வயசுக் குழந்தை. அம்மா என்னை இடுப்புல வச்சுக்கிட்டு சாந்தோம் ரோடு வரை ஓடியிருக்காங்க. சீனிவாசபுரத்துல அவங்களுக்குத் தெரிஞ்ச ரெண்டு வீடு அன்னைக்கு இல்லாம போச்சு. அப்புறம் கடல்ல கணுக்கால் நனையற அளவுக்கு மேல என்னை விட்டதே இல்லை. குளத்துக்கு மட்டும் "அடி தெரியுது, போ"ன்னு சம்மதிச்சாங்க.

அவங்க பயம் வெறும் பயம்னு சொல்ல முடியாது. எங்க கரையில வருஷா வருஷம் யாராவது போறாங்க, பெரும்பாலும் என் வயசுப் பசங்க, லீவு நாள்ல வந்தவங்க. அதுல நீச்சல் தெரிஞ்சவங்களும் உண்டு. அலை கொண்டு வந்து கொட்டின தண்ணி திரும்பிப் போக ஒரு இடுக்கு தேடும். அந்த இடத்துல அலை உடையாது, பார்க்க அமைதியா இருக்கும், புதுசா வர்றவங்க அங்கதான் இறங்குவாங்க. வேகமான இழுப்பு விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். பான் ஷான்லே உலக சாதனை வேகமே 2.15 மீட்டர்தான், பாத்துக்குங்க. அதுல கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டா களைச்சுப் போய் முழுகறதுதான் நடக்கும். மிதந்துக்கிட்டு, கரைக்கு இணையா பக்கவாட்டுல நகரணும், இழுப்பு விட்ட இடத்துல கரைக்குத் திரும்பணும். இதெல்லாம் மாஸ்டர் பாடம் இல்லை, மச்சான் பாடம். தெற்கேர்ந்து வடக்கே ஓடறது தெண்டி, வடக்கேர்ந்து தெற்கே ஓடறது வன்னி, எது ஓடுதுன்னு பார்த்துத்தான் இறங்கவே செய்வாங்களாம். அவங்க வீட்டுல சின்னப் பசங்களுக்குக் கூட இது தெரியும். என் செமஸ்டர்ல எந்தப் பேப்பர்லயும் இல்லை.

தேர்வு அன்னைக்கு நானும் கூடப் போனேன், துண்டு பிடிச்சுக்க. மொத்தம் 40 பேர் இருப்பாங்க, பாதிக்கு மேல குப்பத்துப் பசங்க. விசில் அடிச்சதும் அத்தனை பேரும் தலையைத் தூக்கிக்கிட்டுச் சீறினாங்க. மச்சான் மட்டும் முகத்தைக் கீழே வச்சு, அந்தக் கோட்டைப் பார்த்துக்கிட்டு, கடைசியிலேர்ந்து ரெண்டாவதா போறான். எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. நாலாவது நீளத்துல முன்னாடி இருந்தவங்க ஒவ்வொருத்தரா கம்பியைப் பிடிக்க ஆரம்பிச்சாங்க. இவன் அதே தாளத்துல வந்துக்கிட்டே இருக்கான். 3 நிமிஷம் 48. 4 நிமிஷத்துக்குள்ள வந்தது ஒன்பது பேர், அவன் மூணாவது.

மேல ஏறினதும் மாஸ்டருக்கு போன் போட்டான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்னு தெரியல, இவன் "சரி மாஸ்டர், சரி மாஸ்டர்"னு மட்டும் சொன்னான். என்னடான்னு கேட்டேன். "டர்ன்ல ரெண்டு விநாடி விட்டிருப்பே, நாளைக்கு வான்னு சொல்றாரு."

இப்போ அவன் டியூட்டியில இருக்கான். கடல்ல தலையைத் தூக்கித்தான் நீந்தறான், முழுகறவங்களைப் பார்க்கணும் இல்லையா. நான் நிக்காம 400 மீட்டர் வரை வந்திருக்கேன். ஏப்ரல் பரீட்சைக்கு முன்னாடி 1 கிலோமீட்டர் போடணும். இடது பக்கம் மூச்சு எடுக்கப் பழகிக்கிட்டிருக்கேன், தினமும் கால் லிட்டர் குளோரின் தண்ணி உள்ள போகுது. அது முடிஞ்சதும் ஒரு நாள் மச்சான் கூட, அவன் சொல்ற நாள்ல, அவன் சொல்ற இடத்துல கடல்ல இறங்கணும்னு அம்மாகிட்ட மெதுவா எடுத்துவிட்டேன். மீனைத் திருப்பிப் போட்டுக்கிட்டே கேட்டாங்க: "அதான் அவன் இருக்கானே, நீ எதுக்கு?"